கோலாலம்பூர் எத்தனை நாள், கேமரன் மலை எத்தனை நாள்?

நாமக்கல்லிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்தில் திருச்சி விமான நிலையம். அங்கிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம். சேலம், நாமக்கல் குடும்பங்களுக்கு மலேசியா கைக்கெட்டும் தூரம்தான்.

பிள்ளைகளுக்கு 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரம் வேண்டும். தாத்தா பாட்டிக்குப் பத்துமலை முருகனைக் கும்பிட்ட பிறகு, ஏற்காடு போலக் குளிரும் அமைதியும் உள்ள இடம் வேண்டும். அதற்குக் கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 200 கி.மீ. தள்ளி, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த கேமரன் மலை இருக்கிறது.

சிக்கல் பயணத் திட்டத்தில் தொடங்குகிறது. ‘கேமரன் மலை சுற்றிப் பார்த்தல்’ என்று மட்டும் எழுதியிருந்தால், விடியலில் கிளம்பி இரவில் திரும்புவதும் அதில் அடங்கிவிடும். முதியவர்களுக்கு நாள் முழுக்கப் பேருந்திலேயே போய்விடும். மலையில் எத்தனை இரவு, எந்த விடுதி, என்ன வண்டி, ரத்து செய்தால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டும்.

நகரத்தில் ரயில் உண்டு. மலைக்குப் பலர் வாடகைக் கார் எடுக்கிறார்கள். லாரிகளுக்குப் பேர்போன நாமக்கல்காரருக்கு ஸ்டீயரிங் புதிதல்ல, மலேசியாவிலும் சாலையின் இடப்பக்கம்தான். ஆனாலும் வளைவுகள் நிறைந்த மலைப்பாதை அது. 2010 டிசம்பரில் கேமரன் மலையிலிருந்து இறங்கிய பேருந்து கவிழ்ந்து, தாய்லாந்துப் பயணிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஓட்டப் போகிறவர், ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். அது ஓராண்டு செல்லும். செல்லத்தக்க உரிமம் இல்லாமல் விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. பயணக் காப்பீட்டு விண்ணப்பத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தத்தை மறைத்தாலும் அதே ஆபத்துதான்.

பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள். மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதமான பெட்டிக்கு 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் அங்குள்ள காவல் நிலையம், அடுத்து கோலாலம்பூர் இந்தியத் தூதரகம்.

பயண நிறுவனம் சொன்னபடி செய்யவில்லையா? முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தீராவிட்டால், நிறுவனம் சென்னையில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, சேலம் அல்லது நாமக்கல் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பயணத் திட்டம், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், விடுதியில் எடுத்த படங்கள் ஆகியவற்றை ஊர் திரும்பிய பிறகும் பத்திரமாக வைத்திருங்கள்.