எல்லைக்கு வெளியே நிற்போர்: திருவள்ளூர் மாவட்டத் தொழில்துறையும் அறநெறி முடிவெடுத்தலும்

ஆய்வுச் சுருக்கம்

தொழில்துறை முடிவு ஒன்றால் பாதிக்கப்படுவோர், அம்முடிவை எடுப்போரின் பார்வை எல்லைக்குள் வராதபோது அறநெறிச் சிக்கல் தோன்றுகிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் இரு நிகழ்வுகளைக் கொண்டு இக்கட்டுரை இக்கருத்தை விளக்குகிறது. முதலாவது, கும்மிடிப்பூண்டி வட்டம் தேர்வாய் கண்டிகையில் தொழிற்பூங்காவுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. இரண்டாவது, பூந்தமல்லிப் பகுதி விடுதியில் தங்கியிருந்த பெண் தொழிலாளர்கள் 2021இல் உணவால் நோயுற்றது.

திறவுச்சொற்கள்: வணிக அறம், முடிவெடுத்தல், புறம்போக்கு, ஒப்பந்தத் தொழிலாளர், தேர்வாய் கண்டிகை

முன்னுரை

சட்டத்திற்கு உட்பட்ட முடிவு அறத்திற்கும் உட்பட்டதுதானா என்பது வணிக அறம் குறித்த ஆய்வுகளின் அடிப்படை வினாவாகும். சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி வளர்ந்த கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகம், அதே வட்டத்தில் பின்னர் உருவான தேர்வாய் கண்டிகை சிப்காட் பூங்கா, மேற்கே திருப்பெரும்புதூர்த் தொழிற்பகுதியின் தொழிலாளர்கள் தங்கும் பூந்தமல்லி ஆகியவற்றைக் கொண்ட திருவள்ளூர் மாவட்டம் இவ்வினாவை ஆராய ஏற்ற களமாக அமைகிறது.

கோட்பாட்டுப் பின்னணி

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ரெஸ்ட் 1986இல் அறச்செயலை நான்கு கூறுகளாகப் பகுத்தார். ஒரு சூழலில் அறச்சிக்கல் இருப்பதை உணர்தல், எது சரியெனத் தீர்மானித்தல், பிற நலன்களைவிட அதற்கு முதன்மை தருதல், தீர்மானித்ததைச் செய்துமுடிக்கும் உறுதி ஆகியவை அவை. முதற்கூறாகிய உணர்தல் நிகழாவிடில் ஏனைய மூன்றுக்கும் இடமில்லை.

உணர்தல் ஏன் சில வேளைகளில் நிகழ்வதில்லை என்பதற்குத் தாமஸ் ஜோன்ஸ் 1991இல் விடை தந்தார். விளைவின் அளவு, சமூக ஒப்புதல், விளைவு நிகழும் வாய்ப்பு, கால நெருக்கம், அண்மை, விளைவின் செறிவு ஆகிய ஆறும் ஒரு சிக்கலின் அறத்தீவிரத்தை நிர்ணயிக்கின்றன என்றார். இவற்றுள் அண்மை என்பது, பாதிக்கப்படுவோரிடம் முடிவெடுப்பவர் கொள்ளும் நெருக்க உணர்வு. உடலளவிலோ சமூகத்தளவிலோ தொலைவில் இருப்பவரின் துன்பம் கருத்தில் எளிதில் பதிவதில்லை.

இச்சிந்தனை தமிழ் மரபுக்குப் புதிதன்று. திருக்குறளின் தெரிந்துசெயல்வகை அதிகாரம், செயலில் இறங்குமுன் அதனால் வரும் இழப்பையும் ஆக்கத்தையும் எண்ணச் சொல்கிறது. நடுவுநிலைமை அதிகாரமோ, வணிகர் பிறர் உடைமையையும் தம் உடைமையாகவே கருதி நடக்க வேண்டும் என்கிறது. இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்கும்போது, எண்ணப்பட வேண்டிய இழப்பில் பிறர் இழப்பும் அடங்கும் என்பது தெளிவாகிறது.

தேர்வாய் கண்டிகை: பதிவேட்டுக்கு வெளியே

புறம்போக்கு என்பது வருவாய்த்துறை வழக்கில் தீர்வை விதிக்கப்படாத நிலத்தைக் குறிக்கும். பேச்சுவழக்கில் அச்சொல் பயனற்றது என்ற பொருளையும் பெற்றுவிட்டது. ஆனால் மேய்க்கால் புறம்போக்கு ஒன்றில் ஊரார் மாடு மேய்க்கின்றனர். விறகும் தழையும் சேகரிக்கின்றனர். பட்டா இல்லாததால் இப்பயன்பாடு தனியுரிமையாகப் பதிவாவதில்லை. நிலமற்ற குடும்பங்களுக்கோ அதுவே வாழ்வாதாரம்.

தேர்வாய் கண்டிகையில் ஏறத்தாழ 1,100 ஏக்கர் பரப்புள்ள இத்தகைய நிலம் தொழிற்பூங்காவாக மாற்றப்பட்டது. பிரெஞ்சு டயர் நிறுவனமான மிஷெலின் அங்கு ஆலை அமைக்க 2009இல் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதற்கு முன்னரே, பெரும்பான்மையாகத் தலித் மக்கள் வாழும் அவ்வூரார் எதிர்ப்புத் தெரிவித்து வந்தனர். 2012இல் தமிழ்நாட்டு நில உரிமை அமைப்பினரும் பிரான்சின் தொண்டு நிறுவனங்களும் சிஜிடி தொழிற்சங்கமும் இணைந்து, பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பின் வழிகாட்டு நெறிகளின்கீழ், பிரான்சின் தேசியத் தொடர்பு மையத்தில் முறையிட்டனர்.

நிறுவனத் தரப்பின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நிலத்தைக் கையகப்படுத்தி ஒதுக்கியது அரசு. நிறுவனம் சட்டப்படி அதைப் பெற்றது. முக்கிய நெறிகளை நிறுவனம் மீறவில்லை என்றே 2013இல் மையமும் முடிவுசெய்தது. எனினும், ஆலையின் சமூக, சுற்றுச்சூழல், மனித உரிமைத் தாக்கங்கள் குறித்த முன்னாய்வை மேலும் ஆழப்படுத்த வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. முறையீட்டாளர்கள் நிறைவுறாது நடைமுறையிலிருந்து விலகினர்.

இங்குக் கால வரிசை கருதத்தக்கது. வணிகமும் மனித உரிமையும் குறித்த ஐக்கிய நாடுகள் சபையின் வழிகாட்டுக் கொள்கைகள் 2011 ஜூனில் ஏற்கப்பட்டன. ஊர்ப் பொதுநிலங்களைக் காக்குமாறு உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் ஆணையிட்டதும் அவ்வாண்டு ஜனவரியில்தான். 2009இல் இவை இல்லை. ஆயினும் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. 'இந்நிலம் யாருடையது?' என்ற வினாவுக்குப் பதிவேடு விடை தந்தது. 'இந்நிலத்தால் யார் வாழ்கின்றனர்?' என்ற வினாவுக்கு ஊருக்குள் சென்று கேட்டால் மட்டுமே விடை கிடைத்திருக்கும்.

பூந்தமல்லி: ஆலை வாயிலுக்கு வெளியே

இரண்டாவது நிகழ்வில் எல்லையாக நின்றது ஆலையின் வாயில். காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள பாக்ஸ்கான் ஆலையில், ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன்களைப் பொருத்தும் பெண்கள் பலர் ஒப்பந்ததாரர்கள் வழியாகப் பணியமர்த்தப்பட்டு, தொலைவிலுள்ள விடுதிகளில் தங்கவைக்கப்பட்டிருந்தனர். 2021 டிசம்பரில் பூந்தமல்லி விடுதியில் உணவு நஞ்சானதால் 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியரின் நிலை குறித்து உரிய தகவல் கிடைக்காத தொழிலாளர்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் அமர்ந்தனர். ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12 அன்றே மீண்டும் இயங்கத் தொடங்கியது. தொலைவிலுள்ள சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்திற்கு ஏற்ப இல்லை என ஆப்பிள் ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பின்கீழ் வைத்தது.

உற்பத்திக் கூடத்தில் தூசியின் அளவு கூட அளக்கப்படும் தொழில் இது. அதே தொழிலாளர் உறங்கும் அறையும் உண்ணும் உணவும் ஒப்பந்ததாரர், விடுதி நடத்துநர், சமையல் பொறுப்பாளர் எனக் கைமாறிச் சென்றன. பொறுப்பு கைமாறுந்தோறும் முடிவெடுப்போருக்கும் தொழிலாளிக்குமான தொலைவு கூடியது. ஜோன்ஸ் கூறும் அண்மைக் குறைவுக்கு இது தெளிவான சான்று.

சட்டம் இத்தொலைவை முன்பே கருதியிருந்தது. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 20ஆம் பிரிவு, உணவகம், ஓய்வறை, குடிநீர் முதலிய வசதிகளை ஒப்பந்ததாரர் செய்துதரத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர் செய்துதந்து, செலவை அவரிடமிருந்து பெற்றுக்கொள்ளலாம் என்றது. பொறுப்பை ஒப்பந்தம் வழியாக முழுவதுமாகக் கைகழுவ இயலாது என்பதே இதன் உட்கருத்து. பின்னர், 2024 ஆகஸ்டில், வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் சிப்காட் குடியிருப்பு ரூ.706.50 கோடியில் திறக்கப்பட்டது. தங்குமிடமும் தொழிலின் உள்ளமைப்பே என்ற ஏற்பாக இதனைக் கொள்ளலாம்.

முடிவுரை

இரு நிகழ்வுகளிலும் எல்லைக்கோடு ஒன்று இருந்தது. முதலாவதில் அது நிலப்பதிவேடு. இரண்டாவதில் பணி ஒப்பந்தம். கோட்டின் உட்புறம் நடைமுறைகள் முறையாகவே இருந்திருக்கலாம். பாதிப்பு வெளிப்புறத்தில் நிகழ்ந்தது. ஆகவே, நிறுவனங்களின் அறநெறிப் பயிற்சி கையூட்டு, நலமுரண் போன்ற உள்விவகாரங்களோடு நின்றுவிடக் கூடாது. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் வலியுறுத்தும் சமூகப் பொறுப்புச் செலவும் இதற்கு ஈடாகாது. அது ஈட்டிய இலாபத்திலிருந்து பின்னர் வழங்குவது; இங்கு வேண்டப்படுவதோ கையொப்பமிடுமுன் கேட்பது.

கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகளில் இன்று வடமாநிலத் தொழிலாளர் பலர் ஒப்பந்த அடிப்படையில் உழைக்கின்றனர். அவர்கள் எங்கு உறங்குகின்றனர், காயமுற்றால் யாரிடம் முறையிடுவர், அம்முறையீடு எம்மொழியில் கேட்கப்படும் என்ற வினாக்களை விபத்துக்குப் பின் விசாரணை அலுவலர் கேட்பதற்கு முன்னரே மேலாளர் கேட்பாராயின், ரெஸ்ட் குறிப்பிட்ட முதற்கூறு அங்கு நிகழ்ந்துவிட்டது எனலாம்.