கோட்டைக்கு வருகிறவர்கள் ஊருக்கும் வரட்டும்

கடந்த மார்கழியில் சென்னையில் வசிக்கும் என் உறவினர் ஒருவர், தம் அலுவலகத்தைச் சேர்ந்த நாற்பது பேருடன் செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வந்தார். செஞ்சிக்குத் தெற்கே உள்ள அனந்தபுரம் என் சொந்த ஊர் என்பதால், பயணத் திட்டத்தை வகுத்துக் கொடுத்து உடன்வரும் பொறுப்பு எனக்கு வந்தது. காலை 9 மணிக்கு வந்தவர்கள் கல்யாண மகாலையும் களஞ்சியங்களையும் பார்த்தார்கள். ராஜகிரியில் பாதி உயரம் வரை ஏறினார்கள். நிறையப் படங்கள் எடுத்தார்கள். நண்பகலில் புதுச்சேரிக்குப் புறப்பட்டுவிட்டார்கள்.

பேருந்து போன பிறகு, கோட்டை வாசலுக்கு அருகே வெள்ளரிப் பிஞ்சும் வேகவைத்த வேர்க்கடலையும் விற்றுக்கொண்டிருந்த பெண்மணியிடம் பேச்சுக் கொடுத்தேன். உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பிறகு வியாபாரம் கூடியிருக்கிறதா என்று கேட்டேன். “வண்டி வண்டியா சனம் வருது தம்பி. திங்கறது, குடிக்கறது எல்லாத்தையும் பையிலயே கொண்டாந்துடறாங்க” என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, நடப்பைச் சொன்னார். எனக்குத்தான் உறைத்தது. அந்த நாற்பது பேரையும் எல்லாவற்றையும் பையிலேயே கொண்டுவரச் சொன்னவன் நான்.

வீடு திரும்பியதும் அந்த நாளின் செலவைக் கணக்குப் பார்த்தேன். பேருந்து வாடகை சென்னைக்குப் போனது. காலைச் சிற்றுண்டியின் பணம் நெடுஞ்சாலை உணவகத்துக்குப் போனது. தண்ணீர் பாட்டில்களையும் தின்பண்டங்களையும் சென்னையிலேயே வாங்கியிருந்தார்கள். மதிய உணவும் இரவுத் தங்கலும் புதுச்சேரியில். கோட்டையின் நுழைவுச்சீட்டுப் பணம் மத்திய அரசின் கணக்கில் சேரும். செஞ்சியில் தங்கியது சில கோப்பைத் தேநீரின் விலை மட்டுமே. அதோடு, அவர்கள் விட்டுச்சென்ற பாட்டில்களும் தட்டுகளும் தங்கின. அவற்றை அள்ள வேண்டியவர்கள் உள்ளூர்த் தூய்மைப் பணியாளர்கள்.

சுற்றுலாப் பொருளாதாரத்தில் இதைக் ‘கசிவு’ என்பார்கள். ஓர் இடத்தின் பெயரால் செலவிடப்படும் பணம், அந்த இடத்தில் நிற்காமல் வெளியே வழிந்துபோவது. பயணிகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு சுற்றுலாத் தலத்தின் வெற்றியை அளக்கும்போது இந்தக் கசிவு கண்ணில் படுவதில்லை.

பட்டம் யாருக்கு?

2025 ஜூலை 11 அன்று, ‘இந்தியாவின் மராத்தியப் படைத்துறை நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் உள்ளன. மீதமுள்ள ஒன்று செஞ்சி. கோன் மரபினர் தொடங்கிவைத்து, விஜயநகர ஆட்சியிலும் நாயக்கர் காலத்திலும் விரிந்து, பீஜப்பூர் சுல்தான், மராத்தியர், முகலாயர், ஆற்காட்டு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று பல கைகள் மாறிய கோட்டைக்கு மராத்தியர் பெயரை மட்டும் சூட்டலாமா என்ற விவாதம் இங்கே எழுந்தது. நியாயமான விவாதம்தான். ஆனால், அதைவிட அவசரமான கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பட்டத்தால் செஞ்சியிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வாழும் மக்களுக்கு என்ன கிடைக்கப்போகிறது?

கோட்டையின் வரலாறே இந்தக் கேள்விக்கு இடம் தருகிறது. சிவாஜி 1677இல் செஞ்சியைக் கைப்பற்றினார். அவருடைய மகன் ராஜாராம் இங்கிருந்தபோது, 1690 முதல் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் முகலாயப் படை கோட்டையை முற்றுகையிட்டது. அத்தனை காலம் ஒரு கோட்டை தாங்கி நின்றதற்கு மதிலும் பீரங்கியும் மட்டும் காரணமாக இருக்க முடியாது. களஞ்சியத்தில் நெல்லும் குளத்தில் நீரும் இருக்க வேண்டும். அந்த நெல்லை விளைவித்த குடியானவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. இன்றும் நெல்லுக்கும் வேர்க்கடலைக்கும் பெயர்பெற்ற வட்டாரம் இது. கோட்டையைப் பாரம்பரியம் என்று போற்றுகிறவர்கள், அதற்குச் சோறு போட்ட ஊர்களையும் அந்தப் பாரம்பரியத்தின் பங்காளிகளாகக் கருத வேண்டாமா?

இது என் தனிப்பட்ட ஆசையல்ல. உலகப் பாரம்பரிய உடன்படிக்கை 1972இல் உருவானது. அதன் செயலுத்திகளில் ‘உள்ளூர்ச் சமூகம்’ என்பதும் ஒரு நோக்கமாக 2007இல் சேர்க்கப்பட்டது. சின்னத்தைக் காப்பதில் அதைச் சுற்றி வாழ்பவர்களுக்குப் பங்கு இருக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

ஆண்டிஸ் மலைத் தீவின் பாடம்

ஊர் மக்களே சுற்றுலாவை நடத்த முடியுமா என்று கேட்பவர்களுக்குத் தென்னமெரிக்காவில் ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைப்பகுதியில், கடல் மட்டத்திலிருந்து 3,800 மீட்டர் உயரத்தில் டிட்டிகாகா ஏரி உள்ளது. அதிலுள்ள தக்கீலே தீவில் வாழும் கெச்சுவா மொழி பேசும் மக்கள் நெசவிலும் பின்னலிலும் கைதேர்ந்தவர்கள். அங்கே ஆண்களும் பின்னல் ஊசியோடு நடமாடுவார்கள். அவர்களின் நெசவுக் கலையை யுனெஸ்கோ 2005இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது.

1970களின் பிற்பகுதியில் வெளிநாட்டுப் பயணிகள் அந்தத் தீவைத் தேடிவரத் தொடங்கியபோது, தீவு மக்கள் சும்மா இருக்கவில்லை. கூடிப் பேசி விதிகளை வகுத்தார்கள். தீவுக்கு வரும் படகுகளைத் தாங்களே நடத்தினார்கள். இரவு தங்க விரும்புவோரை முறைவைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பினார்கள். துணிகளைப் பொதுக் கடையில் ஒரே விலைக்கு விற்றார்கள். ஒரு குடும்பம் மட்டும் செழித்து மற்றவை வேடிக்கை பார்க்கும் நிலை வராமல் இருக்க இந்த முறை உதவியது.

கதை அதோடு முடியவில்லை. 1990களில் நாட்டின் பொருளாதாரக் கொள்கை மாறியது. படகுப் போக்குவரத்தில் தீவு மக்களுக்கு இருந்த தனியுரிமை பறிபோனது. கரையிலிருந்த புனோ நகரத்தின் பயண நிறுவனங்கள் தங்கள் படகுகளில் ஆட்களைக் காலையில் இறக்கி மாலையில் ஏற்றிச் சென்றன. வருகை பெருகியது, இரவு தங்குவோர் குறைந்தார்கள், தீவில் தங்கும் பணத்தின் பங்கு சுருங்கியது. கசிவுக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பயணிகளின் நல்லெண்ணம் அப்படியேதான் இருந்தது. ஊரின் பங்கைக் காத்த விதிதான் இல்லாமல் போனது.

அருகிலுள்ள இரு முன்னுதாரணங்கள்

நம் அண்டை மாநிலத்துக்கு வருவோம். கேரள அரசு ‘பொறுப்புச் சுற்றுலா’ திட்டத்தைக் குமரகம், தேக்கடி, வயநாடு, கோவளம் ஆகிய இடங்களில் தொடங்கியது. வேம்பநாட்டு ஏரிக்கரையில் உள்ள குமரகத்தில் அது வேர்பிடித்தது. அங்கே பெரிய விடுதிகள் இருந்தும், அவற்றின் சமையலறைக்குக் காய்கறி வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஊராட்சி முன்னின்று விடுதிகளோடு பேசியது. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் தரிசாகக் கிடந்த நிலத்தில் காய்கறி பயிரிட்டு விடுதிகளுக்குக் கொடுத்தன. விலையையும் தரத்தையும் முடிவுசெய்யக் குழுக்கள் அமைக்கப்பட்டன. தொடக்கத்தில் தட்டுப்பாடும் தகராறும் இருந்தன. ஆனாலும், எழுதிவைத்த ஏற்பாடு என்பதால் அது நிலைத்தது.

எதிர்த் திசையில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1986இல் உலகப் பாரம்பரியச் சின்னமான ஹம்பியில், விருபாட்சர் கோயிலுக்கு எதிரேயுள்ள பழைய கடைத்தெருவின் மண்டபங்களை ஒட்டி மக்கள் வீடும் கடையும் வைத்துப் பல ஆண்டுகளாக வாழ்ந்துவந்தார்கள். 2011இல் சின்னத்தைப் பாதுகாப்பது என்ற பெயரில் அவை இடிக்கப்பட்டன. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அப்புறப்படுத்தப்பட்டன. தொல்சின்னத்தில் ஆக்கிரமிப்பை அனுமதிக்க முடியாது என்பது சரிதான். ஆனால், சுற்றுலாவால் பிழைத்த மக்களே சுற்றுலாவின் பெயரால் வெளியேற்றப்பட்டதை வளர்ச்சி என்று சொல்லிவிட முடியாது.

செஞ்சிக்கும் இந்தக் கவலை அந்நியமானதல்ல. தொல்சின்னங்கள் சட்டத்தில் 2010இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டடங்களுக்குத் தடை. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட முடியும். பழைய வீட்டைப் பழுதுபார்ப்பதற்கும் மனுப் போட வேண்டும். மூன்று மலைகளில் பரந்துகிடக்கும் கோட்டை என்பதால் இந்த எல்லையும் நீளமானது. கோட்டை காக்கப்பட இந்தக் கட்டுப்பாடு தேவை. ஆனால், அதன் சுமையைத் தாங்குகிறவர்கள் அருகில் குடியிருக்கும் எளியவர்கள். சுமை அவர்களுக்கு, வருமானம் வெளியூருக்கு என்றால், எந்த ஊரும் தன் கோட்டையை நேசிக்காது.

ஓர் இரவு தங்கினால்…

செஞ்சிக்கு வருவோரில் பெரும்பாலோர் புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே இரண்டு மணி நேரம் ஒதுக்குகிறவர்கள். அவர்களை ஓர் இரவு தங்கவைக்க முடிந்தால் கணக்கே மாறிவிடும். அதற்குப் புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. இருப்பதைக் காட்டினால் போதும்.

கோட்டைக்கு அருகிலேயே சிங்கவரத்தில் ஒரே பாறையில் செதுக்கிய அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். திருநாதர் குன்றில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள் பாறையில் அணிவகுத்து நிற்கின்றன. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைப் பற்றிய பழைய கல்வெட்டும் அங்கே உள்ளது. தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் மேல்சித்தாமூரில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி மகேந்திரவர்மன் குடைவித்த மண்டகப்பட்டுக் குடைவரை விழுப்புரம் சாலையில் இருக்கிறது. எங்கள் அனந்தபுரத்துக்கு அருகே பனமலையில், ஏரிக்கரைக் குன்றின்மேல் ராஜசிம்மப் பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் நிற்கிறது. அங்குள்ள சிற்றாலயம் ஒன்றின் சுவரில், குடைநிழலில் ஒருகால் மடித்து நிற்கும் தேவியின் ஓவியம் 1,300 ஆண்டுகளைத் தாண்டி இன்னும் எஞ்சியிருக்கிறது. ‘பழைய செஞ்சி’ எனப்படும் மேலச்சேரியின் திரௌபதி அம்மன் வழிபாடு வெளிநாட்டு ஆய்வாளர்களை ஈர்த்து, நூலாகவும் வந்திருக்கிறது. அந்த வழிபாட்டோடு பிணைந்த தெருக்கூத்து இந்த மண்ணில் இன்றும் விடிய விடிய ஆடப்படுகிறது.

இந்த ஊர்களை இணைத்து ஒரு பயண வழியை வகுக்கலாம். வழிகாட்டிகளாக உள்ளூர்ப் பட்டதாரிகளுக்குப் பயிற்சி அளித்து அடையாள அட்டை வழங்கலாம். வருவோருக்கான உணவை மகளிர் சுயஉதவிக் குழுக்கள் சமைக்கலாம். இனி அமையும் விடுதிகள், அரிசியிலும் காய்கறியிலும் ஒரு பங்கை உள்ளூரில் வாங்க வேண்டும் என்பதை அனுமதிக்கான நிபந்தனையாகவே வைக்கலாம். வாகன நிறுத்தக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் குப்பை அகற்றுவதற்கும் ஏரி, குளங்களைத் தூர்வாருவதற்கும் ஒதுக்கலாம். இவை பற்றிய முடிவுகள் விழுப்புரத்திலோ சென்னையிலோ மட்டும் எடுக்கப்படக் கூடாது. ஊராட்சிகளின் கிராமசபைகளிலும் செஞ்சி, அனந்தபுரம் போன்ற பேரூராட்சிகளின் பொதுக் கூட்டங்களிலும் பேசப்பட வேண்டும்.

இங்கே ஒரு சங்கடமான உண்மையையும் சொல்லியாக வேண்டும். ‘ஊர்’ என்று நாம் சொல்லும்போது அதில் எல்லோரும் அடங்குவதில்லை. வீட்டில் விருந்தினரைத் தங்கவைக்கும் திட்டம் என்றால், மாடி வீடு உள்ளவர்களே முதலில் பயனடைவார்கள். காலனியில் வாழ்கிறவர்களுக்கும், இந்த மாவட்டத்தில் கணிசமாக உள்ள இருளர் குடும்பங்களுக்கும் முறை எப்போது வரும்? தக்கீலே தீவினர் கையாண்ட ‘முறைவைத்துப் பகிர்தல்’ நமக்கு இன்னும் அவசியம். யார் சமைக்கிறார்கள், யார் வழிகாட்டுகிறார்கள், யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பது ஆண்டுதோறும் கிராமசபையில் பொதுக் கணக்காக வைக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால், வெளியூர் முதலாளிக்குப் பதிலாக உள்ளூர்ப் பெரிய மனிதர் வந்து உட்கார்ந்துகொள்வார்.

இவையெல்லாம் பெருமுதலீட்டைப் போல வேகமாக வேலைவாய்ப்பைத் தராது என்று வாதிடலாம். உண்மைதான். பெரிய விடுதிகள் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவை வருவதற்கு முன்பே விதிகள் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்கிறேன். நிலம் கைமாறிய பிறகு, ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு உள்ளூர் மக்களின் பங்கைப் பற்றிப் பேசிப் பயனில்லை. பட்டம் கிடைத்து வெகுகாலம் ஆகிவிடவில்லை. செஞ்சிக்கு அந்த அவகாசம் இப்போது இருக்கிறது.

அரசு செய்ய வேண்டியதற்காகப் பயணிகள் காத்திருக்க வேண்டியதும் இல்லை. அடுத்த மாதம் என் உறவினரின் இன்னொரு குழு வரவிருக்கிறது. இம்முறை திட்டத்தை மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன். தண்ணீருக்கு ஆளுக்கொரு குப்பி. பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். மதியச் சாப்பாடு செஞ்சியில். கோட்டையைப் பார்த்த பிறகு பனமலை. இரவுத் தங்கல் இந்த வட்டாரத்திலேயே. பட்டியலின் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ‘பையில் தின்பண்டம் கொண்டுவர வேண்டாம், கோட்டை வாசலில் வெள்ளரிப் பிஞ்சும் வேர்க்கடலையும் கிடைக்கும்.’