முறுக்கு பாட்டிலும் பாக்கெட் சரமும்

ஊரூர் ஒல்காட் குப்பத்துச் சந்துகளில் பெட்டிக்கடையைக் கண்டுபிடிக்கப் பெயர்ப்பலகை தேவையில்லை. வாசலில் பளபளவென்று சரம் தொங்கும். பச்சை, ஆரஞ்சு, நீலம், சிவப்பு. கடற்காற்று அடித்தால் மொத்தமும் சலசலக்கும். பள்ளி விட்டு வந்த பையன் ஒருவன், தங்கையைக் கையில் பிடித்தபடி நிற்கிறான். "யக்கா, அந்தப் பச்ச கலரு ஒண்ணு, செவப்பு ஒண்ணு குடு." பெயர் சொல்வதில்லை, கலர்தான் பெயர். கடைக்கார அக்கா பிய்த்துக் கொடுக்கிறார். தங்கைக்குச் சிவப்பு. வியாபாரம் முடிய பத்து நொடி ஆகவில்லை.

ஒரு தலைமுறைக்கு முன் இந்த மாதிரிக் கடைகளில் கண்ணாடி பாட்டில்கள்தான் வரிசையாக இருக்கும். தகர மூடி. உள்ளே முறுக்கு, தட்டை, கடலை மிட்டாய், விரலுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு கடிக்கிற குடல் அப்பளம். மூடியைத் திறந்ததுமே மூக்கு தீர்ப்புச் சொல்லிவிடும். சிக்கு வாடை அடித்தால் வாங்க மாட்டார்கள். "இன்னிக்குப் போட்டதா, நேத்துதா?" என்று கேட்டால் கடைக்காரர் பதில் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் முறுக்கு சுட்டவர் ரெண்டு தெரு தள்ளித்தான் இருப்பார். நம்பிக்கை போனால் வியாபாரமும் போயிற்று. வீட்டிலோ மீன் விற்றுத் திரும்பும் அம்மா கையில் ஏதாவது இருக்கும்: அவித்த வேர்க்கடலை, மரவள்ளிக் கிழங்கு, சாயங்காலமானால் கடற்கரைச் சுண்டல்.

அந்தக் காலத்துத் தீனி எல்லாம் அமிர்தம் என்று நான் சொல்ல வரவில்லை. கருவாட்டில் இல்லாத உப்பா? குடல் அப்பளத்தின் மஞ்சளும் சிவப்பும் என்ன சாயம் என்று யாரும் கேட்டதில்லை. முறுக்கு சுட்ட எண்ணெய் எத்தனை தடவை காய்ந்ததோ, சட்டிக்குத்தான் வெளிச்சம். ஆனால் கருவாடு ஒரு துண்டு, ஒரு கிண்ணம் கஞ்சிக்கு. முறுக்கு, பாட்டிலில் இருக்கும் வரை. சோற்றுக்குப் பதிலாக யாரும் அதைத் தின்றதில்லை.

லேஸ் 1995-ல் இந்தியாவுக்கு வந்தது. குர்குரே 1999-ல். அதன்பின் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகள் சந்துக்குச் சந்து நுழைந்தன. விலையை அப்படியே வைத்து எடையைக் குறைக்கிற வித்தையும் கூடவே வந்தது. தரம் பார்க்கிற வேலை மூக்கிலிருந்து கண்ணுக்கு மாறியது அப்போதுதான். பாக்கெட்டைப் பிரிக்காமல் முகர முடியாது. படிக்கத்தான் வேண்டும்.

படித்தால் என்ன கிடைக்கும்? இப்படி ஒரு வறுவல் பாக்கெட்டைத் திருப்பினால், 100 கிராமுக்கு ஏறத்தாழ 550 கலோரி, கொழுப்பு 34 கிராம், சோடியம் 700 மில்லிகிராம் என்கிற மாதிரி எண்கள் இருக்கும். பக்கத்தில் ஒரு சதவீதக் கணக்கு. அது யாருக்கான சதவீதம் என்பதில்தான் சூட்சுமம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிப்படி அது ஒரு நாளைக்கு 2000 கலோரி, 67 கிராம் கொழுப்பு, 2000 மில்லிகிராம் சோடியம் என்று வைத்துப் போட்ட கணக்கு. அதாவது வளர்ந்த ஆளுக்கு. பெரும்பாலும் வாங்குவது குழந்தை, கணக்கு மட்டும் அப்பாவுக்கு!

நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குத் தேவை 1360 கலோரி என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. கலோரி குறைகிற விகிதத்தில் சோடியம் வரம்பையும் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியானால் அந்தப் பிள்ளைக்கும் 1360 மில்லிகிராம்தான். மேலே சொன்ன எண்களோடு ஒரு நாளில் 50 கிராம் உள்ளே போனால் 275 கலோரி, 350 மில்லிகிராம் சோடியம். லேபிள் கணக்கில் சோடியம் 17.5 சதவீதம். பிள்ளையின் கணக்கில் நாலில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேல். சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. கிட்டத்தட்ட ஒரு கிராம். குழம்பு, ரசம், ஊறுகாய் எல்லாம் இனிமேல்தான்.

இன்னொன்றும் பார்க்கலாம். சேர்பொருள் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வர வேண்டும். முன்பக்கத்தில் பலதானியம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பட்டியலில் முதலில் அரிசி மாவு, அடுத்து பாமாயில், தானியங்கள் எல்லாம் கடைசியில் வந்தால் அந்தப் பலதானியத்தின் யோக்கியதை தெரிந்துவிடும்.

ஆனால் படிப்பது எந்த மொழியில்? ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 1894-ல் பள்ளி தொடங்கிய கர்னல் ஒல்காட்டின் பெயரைச் சுமக்கிற குப்பம் இது. எழுத்துக் கூட்டியாவது தமிழ் படிக்கிற தாய்மார்கள் இங்கே நிறைய. பாக்கெட்டின் முதுகிலோ ஆங்கிலமோ தேவநாகரி இந்தியோ இருந்தால் போதும். தமிழ் என்பது கம்பெனி மனசு வைத்தால் உண்டு. சிலி நாட்டில் 2016 முதல் உப்பு, சர்க்கரை, கொழுப்பு மிஞ்சிய பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை இருக்கிறது. எழுத்துத் தெரியாத குழந்தைக்கும் அது புரியும். இங்கே 2022-ல் நட்சத்திரம் கொடுக்கும் வரைவு ஒன்று வந்தது. தின்பண்டத்துக்கு ஸ்டார் ஹோட்டல் மரியாதை! முன்பக்க எச்சரிக்கை கேட்டுப் போன வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், நிபுணர் குழு மூன்று மாதத்தில் பரிந்துரை தர வேண்டும் என்றது. அதே ஆண்டு செப்டம்பர் 22-ல் பாக்கெட் மிக்சர், நம்கீன் வகைகளின் ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் இந்த ரகத் தீனியை விற்கக் கூடாது என்றும் 2020-ல் ஒரு விதி வந்தது. வீட்டு வாசலுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

அக்காவிடம் கேட்டு, சரத்திலேயே சின்னதான ஒரு பாக்கெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கையில் அடங்கிவிட்டது. விலை இருந்தது, தேதி இருந்தது, உரிம எண் இருந்தது. கலோரி, சோடியம் ஏதும் இல்லை. தவறில்லை. மொத்தப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டரைத் தாண்டாத பாக்கெட்டில் சத்து விவரமும் சேர்பொருள் பட்டியலும் அச்சிட வேண்டியதில்லை என்பதுதான் விதி.