தீயின் மூச்சும் புகையின் வழியும்

தீயை ஆளக் கற்ற நாள்முதல் மனிதனுக்கு இரு கடமைகள் உண்டு. எரிவதற்குக் காற்றை உள்ளே விடுதல் ஒன்று. எரிந்தபின் எழும் புகையை வெளியே போக்குதல் மற்றொன்று. முதற் கடமையை எவரும் மறப்பதில்லை. மறந்தால் அடுப்பே எரியாது. இரண்டாவதையோ பலர் மறந்துவிடுகின்றனர். புகை வெளியேறாவிட்டாலும் தீ சிறிது நேரம் எரிந்துகொண்டுதான் இருக்கும். தீங்கு அந்தச் சிறிது நேரத்தில்தான் விளைகிறது.

பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் இவ்வுண்மையை ஏட்டில் படித்தவரல்லர். ரப்பர்த் தாள்களைப் புகையூட்டிய புகைவீட்டில் கற்றவர். மரத்திலிருந்து எடுத்த பாலை அமிலமிட்டு உறையவைத்து, உருளைகளிடையே அழுத்தித் தாளாக்கி, கழிகளில் தொங்கவிட்டு, நான்கைந்து நாள் புகையூட்டி உலர்த்துவர். விறகுத் தீயின் வெப்பம் ஏறத்தாழ 50 முதல் 60 பாகை வரை இருத்தல் வேண்டும். மிகுந்தால் தாளில் கொப்புளம் எழும். கூரையில் உள்ள காற்றுவாயை அடைத்துவிட்டால், தாளிலிருந்து எழும் ஈரம் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கும். தாள் தரம் குறையும். ஆதலின் புகைவீட்டைக் காத்தவர் இரவிலும் எழுந்து அடுப்பையும் பார்ப்பார். கூரை வாயையும் பார்ப்பார். ஒன்றை மட்டும் பார்த்தவர் நல்ல தாளை எடுத்ததில்லை.

அத்தோட்டங்களுட் பல இன்று எண்ணெய்ப் பனைக்கும் வீடமைப்புக்கும் இடந்தந்துவிட்டன. அங்கு வாழ்ந்தோரின் மக்களும் பேரரும் ஈப்போவிலும் அதனை அடுத்த சிலிபின் போன்ற இடங்களிலும், கடல் கடந்த குளிர்நாடுகளிலும் வாழ்கின்றனர். ஈப்போவின் வெம்மைக்குக் குளியலறைச் சுவரில் மாட்டிய சிறு மின்கருவியே போதும். டொரான்டோ போன்ற நகரில் குளிர்காலத்தை அவ்வாறு கடத்த இயலாது. அங்குள்ள வீடுகளின் நிலவறைகளில் எரிவாயுவால் இயங்கும் பெரிய வெந்நீர்த் தொட்டிகள் உள்ளன. அவற்றுள் ஒருவகையில் புகையை வெளியேற்றும் பணியை ஒரு மின்விசிறி செய்கிறது. அவ்விசிறி பழுதுற்றால் என்ன செய்வது, என்ன செய்யக்கூடாது என்பது உயிரைப் பற்றிய கேள்வியாகும்.

கீசர் வந்த கதை

தமிழ்நாட்டில் வெந்நீர்க் கருவியைக் 'கீசர்' என்பர். இச்சொல் ஐஸ்லாந்து நாட்டுச் சொல். அங்கே மண்ணைப் பிளந்து பீறிட்டெழும் ஒரு வெந்நீர் ஊற்றின் பெயர் கெய்சிர் என்பது. ஈப்போவை அடுத்த தம்புனிலும் வெந்நீர் ஊற்று உண்டு. ஆனால் அது ஐஸ்லாந்து ஊற்றைப்போல வான்நோக்கிப் பாய்வதில்லை. 1868-ஆம் ஆண்டு இலண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் எரிவாயுவால் நீரை உடனுக்குடன் சுடவைக்கும் கருவியொன்றை அமைத்து, அதற்கு அவ்வூற்றின் பெயரையே சூட்டினார்.

மாகனின் கருவியில் பெருங்குறை ஒன்றிருந்தது. புகை வெளியேறக் குழாய் இல்லை. எரிந்த வாயு முழுவதும் குளிப்பவர் நின்ற அறையிலேயே பரவியது. பின்னர் 1889-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் எட்வின் ரூட் என்பவர் தானாக இயங்கும் தொட்டிவகைக் கருவியை அமைத்தார். அதன்பின் வந்த வெந்நீர்க் கருவிகளின் வரலாற்றில் பெரும்பகுதி, புகையை எவ்வாறு வெளியேற்றுவது என்ற வினாவுக்கு விடை தேடிய வரலாறே எனலாம்.

காணாத நஞ்சு

எரிவாயு முழுமையாக எரிய எவ்வளவு காற்று வேண்டும்? குழாய்வழி வரும் இயற்கை வாயுவின் பெரும்பகுதி மீத்தேன். ஒரு பங்கு மீத்தேன் எரிய ஏறத்தாழ பத்துப் பங்கு காற்று தேவை. மலேசிய வீடுகளில் தோம்பில் வரும் சமையல் வாயு புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரோப்பேன் ஒரு பங்கிற்கு ஏறத்தாழ 24 பங்கும், பியூட்டேன் ஒரு பங்கிற்கு 31 பங்கும் காற்று வேண்டும்.

இந்த அளவு காற்று கிடைத்தால் கரியமில வாயுவும் நீராவியும் மட்டும் உண்டாகும். குறைந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு பிறக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிக்கும் இயல்புமில்லை. குருதியில் உயிர்க்காற்றைச் சுமக்கும் செம்பொருளோடு, உயிர்க்காற்றைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இது ஒட்டிக்கொள்ளும். காற்றில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு அளவுக்குச் சற்று மிகுந்தாலே இருபது நிமிடத்தில் தலைவலியும் மயக்கமும் குமட்டலும் தோன்றும். இரண்டு மணி நேரத்திற்குள் உயிர் போகும்.

புகைபோக்கி அடைபட்டால் நிகழ்வது இதுவே. வெளியேறாத புகை அடுப்பைச் சூழ்ந்துகொள்ளும். புதுக்காற்று உள்ளே வர இடமிராது. தீ தன் கழிவையே மீண்டும் மூச்சாக இழுக்கும். தொடக்கத்தில் நன்றாக எரிந்த அடுப்பும் சிறிது நேரத்தில் நஞ்சைக் கக்கத் தொடங்கும்.

விசிறி எதற்கு?

பழைய புகைபோக்கிக்கு விசிறி தேவைப்படவில்லை. சூடான காற்று இலேசானது. ஆதலின் தானே மேலெழும். 30 பாகை வெப்பமுள்ள காற்று ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 1.16 கிலோ எடையுடையது. அதே காற்று 150 பாகையில் 0.83 கிலோதான். ஐந்து மீட்டர் உயரக் குழாயில் இவ்வேறுபாடு தரும் இழுப்பாற்றல், ஒன்றரை மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தத்திற்குச் சற்று மேற்பட்டது. அவ்வளவு சிறு ஆற்றலே புகையை மேலே கொண்டு சென்றது.

புதிய கருவிகள் வாயுவின் வெப்பத்தை இயன்றவரை நீருக்கே தந்துவிட முயல்கின்றன. செலவு மிச்சந்தான், ஆயினும் புகை குளிர்ந்துவிடுகிறது. 150 பாகை 60 பாகையாகக் குறைந்தால் அதே குழாயின் இழுப்பாற்றல் அரை மில்லிமீட்டராகச் சுருங்கும். மேலும் பல வீடுகளில் கூரைவரை செல்லும் புகைபோக்கியே கிடையாது; புகையைப் பக்கச் சுவர்வழியே படுக்கைக் குழாயில் வெளியேற்ற வேண்டியுள்ளது. எனவே தொட்டியின் உச்சியில் ஒரு மின்விசிறியை அமைத்தனர். அது புகையை இழுத்து, அறைக்காற்றைக் கலந்து குளிர்வித்து, பிளாஸ்டிக் குழாய்வழியே வெளியே தள்ளுகிறது.

தமிழாசிரியர்கள் ஈண்டு ஒரு வேறுபாட்டைக் கருதலாம். கொல்லன் உலையில் உள்ள துருத்தி காற்றைத் தீக்குள் ஊதுவது. இவ்விசிறியோ தீயின் கழிவை வாங்கி வெளியே போக்குவது. ஆங்கிலத்தில் இரண்டையும் 'ஊதுவது' என்னும் பொருள்படும் ஒரே சொல்லால் குறிப்பதுண்டு. தமிழில் இதனைப் 'புகைபோக்கு விசிறி' என்றால் அதன் தொழில் பெயரிலேயே விளங்கும்.

ஐந்து படிகள்

இக்கருவி இயங்கும் முறையை அறிந்தாலன்றிப் பழுதை அறிதல் இயலாது. தொட்டி நீர் குளிர்ந்ததும் வெப்பங்காட்டி செய்தி அனுப்பும், இது முதற்படி. விசிறி சுழலத் தொடங்கும், இது இரண்டாவது. விசிறி உண்டாக்கும் அழுத்த வேறுபாடு ஒரு சிறு இரப்பர்க் குழல்வழியே அழுத்தச் சுவிட்சை அடையும். அச்சுவிட்சினுள் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. இழுப்பு போதுமானதாக இருந்தால் சவ்வு அசைந்து மின்சுற்று மூடும், இது மூன்றாவது. பின்னர்ப் பற்றவைக்கும் கம்பி பழுக்கக் காய்ந்து, வாயுவின் வாயில் திறக்கும், இது நான்காவது. தீ உண்மையில் பற்றியதா என்பதை ஓர் உணர்கம்பி, ஆம்பியரில் சில இலட்சத்தில் ஒரு பங்கேயான நுண்மின்னோட்டத்தால் உறுதி செய்யும், இது ஐந்தாவது. ஒரு படி தவறினும் அடுத்த படி நிகழாது. வாயு திறக்காது, திறந்திருந்தாலும் மூடிவிடும்.

வேறொரு நுட்பமும் உண்டு. விசிறி சுழலுமுன்பே அழுத்தச் சுவிட்சு மூடிய நிலையில் இருந்தால், கட்டுப்பாட்டுப் பலகை ஐயுற்று வேலையை நிறுத்திவிடும். காவற்காரன் உறங்குகிறானா என்று காவலைத் தொடங்குமுன் சோதித்துப் பார்ப்பது போன்றது இது.

பழுதை நாடும் முறை

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவனுக்கு வகுத்த ஒழுங்கு இங்கும் பொருந்தும். பிணி இன்னதென்று தெரிதல், அதன் காரணத்தைத் தேடல், பிறகே தணிக்கும் வழியை மேற்கொள்ளல் என்பதே அவ்வொழுங்கு. வெந்நீர் வரவில்லை என்பது அறிகுறியேயன்றிப் பிணியன்று.

விசிறி அசையவே இல்லையெனின், முதலில் மின்சாரம் வருகிறதா, வெப்ப அளவு தாழ்த்தி வைக்கப்பட்டுள்ளதா என எளியவற்றைப் பார்த்தல் வேண்டும். அவை சரியெனின், தொழில் தெரிந்தவர் விசிறியின் முனையில் மின்னழுத்தத்தை அளப்பார். மின்சாரம் வந்தும் சுழலாவிட்டால் குற்றம் மோட்டாரில் உள்ளது. மின்சாரமே வரவில்லையெனில் குற்றம் பலகையிலோ கம்பியிலோ இடையிலுள்ள காப்புச் சுவிட்சிலோ இருக்கும். விசிறியை மாற்றிப் பயனில்லை.

விசிறி சுழன்றும் தீ பற்றவில்லையெனின், பெரும்பாலும் மூன்றாம் படி தவறியிருக்கும். இங்கேதான் பலர் வழுக்கி விழுகின்றனர். சுவிட்சு மூடவில்லை என்றவுடன் சுவிட்சையே குறைகூறுவர். உண்மையில் அதனைக் கடைசியாகவே ஐயுற வேண்டும். முதலில் வீட்டிற்கு வெளியே சென்று குழாயின் வாயைக் காண வேண்டும். பனி மூடியிருக்கலாம், குளவி கூடு கட்டியிருக்கலாம், சருகு அடைத்திருக்கலாம். அடுத்து இரப்பர்க் குழலைக் காண வேண்டும். அதில் வெடிப்போ நீரோ இருக்கலாம். நீர் எங்கிருந்து வந்தது என வியக்க வேண்டியதில்லை. ஒரு கனமீட்டர் மீத்தேன் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நீர் உண்டாகிறது; குளிர்ந்த குழாயில் அது துளியாகிறது. அதன்பின் விசிறிச் சக்கரத்தைக் காண வேண்டும். தூசு படிந்தோ, தண்டிலிருந்து தளர்ந்தோ இருந்தால் மோட்டார் ஓடினும் காற்று நகராது. குழாய் அளவுக்கு மேல் நீண்டும் வளைந்தும் இருந்தாலும் இழுப்பு குறையும். இவையனைத்தும் சரியாக இருந்து, அழுத்தமானியும் போதிய அளவைக் காட்டினால் மட்டுமே சுவிட்சு பழுது எனத் துணியலாம்.

விசிறி பேரோசை எழுப்பினால், அதன் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருக்கும். ஓய்வதற்கு முன்னரே மாற்றிவிடுதல் நன்று. தீ அணைந்தபின்னும் விசிறி சிறிது நேரம் சுழல்வது குறையன்று. எஞ்சிய புகையை வெளியேற்றுவதற்கான ஏற்பாடாகும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் மட்டும் பலகையைச் சோதிக்க வேண்டும்.

செய்யக்கூடாத ஒன்று

குளிர்நாட்டில் வெந்நீரின்றி ஓரிரவு கழிவது துன்பந்தான். வீட்டில் குழந்தை இருக்கும். விருந்தாக வந்த முதிய தாய் இருப்பார். அந்நேரத்தில் யாரேனும் ஒரு சிறு கம்பித்துண்டால் அழுத்தச் சுவிட்சின் இரு முனைகளையும் இணைத்துவிடலாம் என்பார். பலகை ஏமாந்தால் தீயும் பற்றும், வெந்நீரும் வரும். ஆனால் புகை எங்கே போகிறதென்று பார்க்கும் காவல் ஒழிந்தது. கருவி எரிய மறுத்தது பழுதால் அன்று. தன் கடமையைச் செய்ததால்.

இது வீண் அச்சம் அன்று. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்து உட்ஸ்டாக் நகரில், 2008 டிசம்பரில், எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டு, தாய் தந்தையரும் இரு பிள்ளைகளுமாக ஒரு குடும்பமே மாண்டது. அவ்வீட்டில் நச்சுவாயுவை அறிவிக்கும் மணி இல்லை. அக்குடும்பத்தின் பெயர் தாங்கிய ஹாக்கின்ஸ் கின்யாக் சட்டம் 2013-இல் நிறைவேறியது. அதன்வழி, எரிபொருட் கருவியுள்ள வீடுகளில் உறங்குமிடத்தருகே அம்மணி இருத்தல் வேண்டும் என்ற விதி 2014 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. தமிழர் பெருந்தொகையாக வாழும் மாநிலம் அது.

இந்தியாவில் விசிறியுள்ள கருவிகள் அரிது. ஆனால் புகைவழியே இல்லாத கீசர்கள் சிறு குளியலறைகளில் மாட்டப்படுகின்றன. கதவையும் சன்னலையும் அடைத்துக் குளித்தவர் மயங்கி விழுந்ததும் மாண்டதும் பலமுறை செய்தியாகியுள்ளன. வலிப்பு என்று கொண்டுவரப்பட்டவர் சிலரை ஆராய்ந்த மருத்துவர், 'காஸ் கீசர் நோய்க்குறி' என்றே இதற்குப் பெயரிட்டுள்ளனர். 1868-இல் மாகன் விட்ட குறை இன்னும் உயிர் வாங்குகிறது.

வீட்டார் கொள்ள வேண்டியவை

வீட்டார் செய்யத்தக்கவை சிலவே. வெளிக்குழாயின் வாயைத் தூய்மையாக வைத்தல், பலகையின் விளக்கு எத்தனைமுறை மின்னுகிறது என எண்ணிக் குறித்தல், நச்சுவாயு மணியை மாதந்தோறும் சோதித்தல் ஆகியவை அவை. மூடியைக் கழற்றுவதும் வாயுக் குழாயைத் தொடுவதும் உரிமம் பெற்றவர் தொழில். மலேசியாவில் எரிவாயு வேலைக்குரிய தகுதியாளரை எரிசக்தி ஆணையம் பதிவு செய்கிறது. விசிறியை மாற்றியபின், தீ எரியும்போது புகை உண்மையில் வெளியே போகிறதா, அறையில் நச்சுவாயு இல்லையா என அளந்து காட்டுமாறு கேட்பது வீட்டாரின் உரிமை.

வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே வேளையில் தலைவலியும் குமட்டலும் தோன்றி, வெளியே சென்றதும் தெளிந்தால், அதைச் சளிக்காய்ச்சல் என எண்ணிப் படுத்துவிடலாகாது. உடனே அனைவரும் வெளியேறி, உதவிக்கு அழைத்தல் வேண்டும்.

புகைவீட்டில் இரவெல்லாம் கூரை வாயைப் பார்த்திருந்தவர் இன்று இல்லை. அவர் செய்த வேலையைப் பேரப்பிள்ளைகளின் நிலவறையில் உள்ளங்கை அளவான ஒரு சுவிட்சு செய்துவருகிறது. அது 'வேண்டாம்' என்று தடுக்கும்போது, ஏன் என்று கேட்பதே அறிவுடைமை. அதன் வாயை அடைப்பது அன்று.