கொழு கொழு கன்னம்

மோட்டார், பம்பு என்று எழுதாமல் குழந்தைக்குப் போடும் ஆயின்மென்டைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று நினைக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். அக்கா குழந்தைக்கு டயப்பர் கட்டிக் கட்டித் தொடை இடுக்கு சிவந்தபோது, மருந்துக் கடையில் கொடுத்த டியூபை என்னிடம் நீட்டி, "தம்பி, நீதான படிக்கிற, போடலாமான்னு பாரு" என்றாள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அதிலேயே அச்சடித்திருந்தது. நான் பெயரை மட்டும் வாசித்துவிட்டு "போடுக்கா" என்றேன். இரண்டே நாளில் ஆறியது. விட்டால் மறுபடி சிவந்தது. அதனால் மூன்று மாதம் விடாமல் தடவினாள். கன்னம் உப்பியது. கண்ணு பட்டுடும் என்று ஆயா மை வைத்தது. தடுப்பூசிக்குப் போனபோதுதான் டாக்டர் கண்டுபிடித்தார்: எடை ஏறியிருக்கிறது, நீளம் கூடவே இல்லை.

அது கிளோபெட்டசால் என்னும் மிக வீரியமான ஸ்டீராய்டு. பெரியவர்களே தொடர்ந்து 2 வாரத்துக்கு மேல் போடக் கூடாது. (இந்த வகைக் களிம்புகள் பலவற்றை மத்திய அரசு 2018-ல் ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. கடையில் யார் பார்க்கிறார்கள்?)

சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி இருக்கும் அட்ரீனல் சுரப்பி, கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. எவ்வளவு வேண்டும் என்று உத்தரவு போடுவது மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி. நம் ஹாஸ்டல் மேல்தொட்டியின் மிதவை வால்வை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து குடம் குடமாக ஊற்றினால் மிதவை ஏறி வால்வு மூடிக்கொள்ளும். களிம்பு செய்வது அதுதான். குழந்தைக்குத் தோல் மெல்லிசு. எடைக்குத் தோல் பரப்பும் பெரியவர்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல். டயப்பரின் ஈரப் புழுக்கம் வேறு மருந்தை உள்ளே தள்ளுகிறது.

பயந்துபோய் டியூபைக் குப்பையில் போட்டால் தீர்ந்ததா? இல்லை. மாசக்கணக்கில் மூடியே கிடந்த வால்வு துருப்பிடித்திருக்கும். ஊற்றுவதை நிறுத்தினால் தொட்டி காலி. அப்போது சாதாரணக் காய்ச்சலிலேயே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் டாக்டர், களிம்புக்குப் பதில் ஹைட்ரோகார்ட்டிசோனை வாய்வழி கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்டச் சொன்னார். காலை 8 மணிக்கு ரத்தம் எடுத்துக் கார்ட்டிசால் பார்த்தார்கள்.

ஸ்டீராய்டு களிம்பெல்லாம் விஷம் என்று சொல்லவில்லை. வீரியம் குறைந்ததை டாக்டர்களே குழந்தைக்குச் சில நாள் தருகிறார்கள்.

சுரப்பி தானாக வேலை செய்ய நாலு மாதம் ஆனது. இப்போது கன்னம் வற்றிவிட்டது. ஆயாவுக்குத்தான் அதில் வருத்தம்.