பெட்டிக்கு ஒரு கட்சி!

உங்கள் வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதைத் தாண்டிய பையன் இருக்கிறானா? அப்படியானால் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நிண்டெண்டோ என்ற பெயர்கள் உங்கள் காதில் விழாமல் இருந்திருக்காது. தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் வீடியோ கேம் பெட்டிகளின் பெயர்கள் இவை.

"விளையாட்டுச் சாமான்தானே, அதில் என்ன இருக்கிறது?" என்று எண்ணிவிடாதீர்கள். கூலாயிலோ குளுவாங்கிலோ நாலு பையன்கள் கூடி நிற்கும் இடத்தில், "எக்ஸ்பாக்ஸ் எல்லாம் ஒரு பெட்டியா?" என்று ஒருவனைக் கேட்கச் சொல்லிப் பாருங்கள். அடுத்த அரை மணி நேரம் அங்கே தேர்தல் கூட்டம்தான்! ஒருவன் படத்தின் தெளிவைப் பற்றிப் பேசுவான். இன்னொருவன் தன் பெட்டிக்கு மட்டுமே வரும் கேம்களைப் பட்டியல் போடுவான். மூன்றாமவன், "எது அதிகம் விற்றது தெரியுமா?" என்று கணக்குக் காட்டுவான். அந்தக் கம்பெனிகளில் இவர்களுக்கு ஒரு காசுப் பங்கு கிடையாது. சம்பளமும் கிடையாது. ஆனாலும் தொண்டை வறளப் பேசுவார்கள்.

ஏன் இந்தப் பற்று? இதனால் யாருக்கு லாபம்? பெற்றோரின் பணப்பைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அன்று கதாநாயகர்கள், இன்று பெட்டிகள்

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு இது புதிய நோய் அல்ல. திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய காலத்தில், லயத்துக்கு லயம் எம்.ஜி.ஆர். கட்சி, சிவாஜி கட்சி என்று பிரிந்து நின்றவர்கள்தானே நாம்? மறுநாள் காலை பெரட்டுக்களத்திலும் அதே பேச்சு. பால்மரத்தடியிலும் அதே பேச்சு. "எங்கள் ஆள் சண்டை போட்டால்...", "எங்கள் ஆள் அழுதால்..." என்று ஆளுக்கொரு வாதம். ஆனால் அந்த இருவருமே 1954இல் வந்த 'கூண்டுக்கிளி' படத்தில் சேர்ந்து நடித்தவர்கள்! ரசிகர்களுக்குத்தான் சேர்ந்து உட்கார மனம் வரவில்லை.

இன்றைக்கும் நம் ஜொகூரில் பற்றுக்குப் பஞ்சமில்லை. ஜொகூர் டாருல் தக்சிம் காற்பந்துக் குழு 2015இல் ஏ.எப்.சி. கிண்ணத்தை வென்றபோது, தென்கிழக்கு ஆசியாவிலேயே அந்தக் கிண்ணத்தை வென்ற முதல் குழு நம் குழு என்று மூவார் முதல் கோத்தா திங்கி வரை நெஞ்சு நிமிர்ந்தது. சொந்த மண்ணின் குழு, பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டும் கூட்டம், அதிலே ஓர் உறவு இருக்கிறது. ஜப்பான், அமெரிக்கக் கம்பெனிகளின் பெட்டிக்குப் பற்று எப்படி வந்தது? அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் பாதி விளங்கிவிடும்.

சீட்டுக்கட்டு செய்த கம்பெனி

நிண்டெண்டோ என்பது 1889இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய நிறுவனம். பல தொழில்களில் கைவைத்துப் பார்த்து, 1983இல் 'பேமிலி கம்ப்யூட்டர்' என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. மீசை வைத்த மரியோ என்ற பாத்திரம் உலகம் முழுவதும் பிள்ளைகளின் செல்லப்பிள்ளை ஆனது.

நம் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு அந்த அசல் பெட்டி எட்டாக்கனி. 1990களில் அவர்கள் கைக்கு வந்தது, அந்தக் கேசட்டுகளைப் போட்டு ஆடக்கூடிய 'மைக்ரோ ஜீனியஸ்' என்ற தைவான் பெட்டி. ஒரே கேசட்டில் பல பத்து ஆட்டங்கள் இருக்கும். ஓடாவிட்டால் கேசட்டைக் கழற்றி வாயால் ஊதி மறுபடி சொருகுவதுதான் வைத்தியம்! இன்றைக்கு அப்பாவாக இருக்கும் உங்களில் சிலர் அப்படி ஊதியவர்கள்தானே? நிண்டெண்டோ என்ற பெயரையே அறியாமல் மரியோவுக்கு ரசிகரானவர்கள் நம்மிடையே உண்டு.

நிண்டெண்டோவை எதிர்த்துக் களத்தில் குதித்தது சேகா. அமெரிக்காவில் அது நிண்டெண்டோவின் பெயரையே கேலி செய்து விளம்பரம் போட்டது. 1991இல் மரியோவுக்குப் போட்டியாக, மின்னல் வேகத்தில் ஓடும் நீல நிற முள்ளெலி சானிக்கை இறக்கியது. மரியோ சின்னப் பிள்ளைகளுக்கு, சானிக் துடிப்பான இளைஞர்களுக்கு என்று ஓர் எண்ணத்தை விதைத்தது. பிள்ளைகள் இரண்டு கட்சியானது தானாக நடந்த காரியமல்ல. விளம்பரக்காரர்கள் காசு செலவழித்துக் கட்டிய கட்சி அது.

ஏமாற்றத்தில் பிறந்த பெட்டி

பிளேஸ்டேஷனின் பிறப்பு ஒரு சினிமாக் கதை. நிண்டெண்டோவும் சோனியும் சேர்ந்து, குறுந்தட்டில் ஓடும் ஒரு பெட்டியைச் செய்வதாக இருந்தது. 1991இல் சிகாகோ கண்காட்சியில் சோனி அதை அறிவித்தது. மறுநாளே நிண்டெண்டோ, சோனியை விட்டுவிட்டு ஐரோப்பாவின் பிலிப்ஸ் நிறுவனத்தோடு கைகோத்ததாகச் சொன்னது! நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் மாப்பிள்ளை மாறியது போல. சும்மா இருக்குமா சோனி? கென் குத்தராகி என்ற பொறியியலாளர் முன்னின்று உழைக்க, 1994 டிசம்பரில் பிளேஸ்டேஷன் தனியாகவே வெளிவந்தது. 2000இல் வந்த இரண்டாவது பெட்டி 15 கோடிக்கும் மேல் விற்று உலக சாதனை படைத்தது.

சேகா தாக்குப்பிடிக்கவில்லை. 2001இல் பெட்டி செய்வதையே நிறுத்தியது. அதே ஆண்டு மைக்ரோசாப்ட் எக்ஸ்பாக்ஸைக் கொண்டு உள்ளே நுழைந்தது. அன்றுமுதல் மூன்று கட்சி.

பற்று எங்கிருந்து வருகிறது?

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஹென்றி தாஜ்ஃபெல் என்ற மனவியல் அறிஞர் ஒரு சோதனை நடத்தி, 1970களின் தொடக்கத்தில் அதை வெளியிட்டார். பதினான்கு, பதினைந்து வயதுப் பள்ளிப் பையன்களை அழைத்து, இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டார். அதன்படி பிரிப்பதாகச் சொல்லி, உண்மையில் குருட்டுச் சீட்டுப் போட்டு இரண்டு கூட்டமாக்கினார். தன் கூட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்றுகூட எந்தப் பையனுக்கும் தெரியாது. பிறகு மற்றவர்களுக்குக் காசு பிரித்துக் கொடுக்கச் சொன்னபோது, பையன்கள் தன் கூட்டத்துக்கே அதிகம் கொடுத்தார்கள். அதுகூடப் பெரிதல்ல. தன் கூட்டத்துக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த கூட்டத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்று பலர் பிரித்தார்கள்!

ஒரு படத்தைப் பிடித்ததாலேயே இவ்வளவு என்றால், அப்பா ஓவர்டைம் செய்து வாங்கிக் கொடுத்த பெட்டிக்கு எவ்வளவு பற்று இருக்கும்!

இரண்டாவது காரணம், செலவழித்த காசு. 2,000 வெள்ளிக்கு மேல் கொடுத்து ஒரு பொருளை வாங்கியபின், "தப்பான பெட்டியை வாங்கிவிட்டோமோ" என்று நினைக்கவே மனம் கூசும். அந்த எண்ணத்தை விரட்டத்தான், "இதுதான் உலகத்திலேயே சிறந்தது" என்று உரக்கச் சொல்லிக்கொள்கிறோம். 2007இல் எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டிகள் சிவப்பு விளக்கு எரிந்து ஏராளமாகப் பழுதாயின. மைக்ரோசாப்ட் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுக்கு நீட்டித்து, அதற்கென்று 100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்க வேண்டியிருந்தது. அப்போதும் அந்தப் பெட்டியை விட்டுக் கொடுக்காத ரசிகர்கள் இருந்தார்கள்.

மூன்றாவது காரணம் நண்பர்கள். கூட்டாளிகள் எல்லாரும் பிளேஸ்டேஷனில் சேர்ந்து ஆடும்போது ஒருவனிடம் மட்டும் வேறு பெட்டி இருந்தால், அவன் தனியாள். நெடுங்காலம் வேறு வேறு பெட்டிக்காரர்கள் ஒன்றாக ஆடவே முடியாமல் இருந்தது. 2018 செப்டம்பரில்தான் சோனி 'ஃபோர்ட்நைட்' கேமுக்கு அந்தக் கதவைத் திறந்துவிட்டது. ஆகவே பையன் ஒரு குறிப்பிட்ட பெட்டிக்காக அடம்பிடித்தால், அது வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். அவன் கேட்பது பெட்டியை அல்ல, கூட்டாளிகளோடு ஓர் இடத்தை.

காசு இருப்பது கேமில்

இங்கேதான் பெற்றோர் கவனிக்க வேண்டிய சங்கதி இருக்கிறது. 2021இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் சாட்சி சொன்ன மைக்ரோசாப்ட் அதிகாரி, எக்ஸ்பாக்ஸ் பெட்டியை விற்று லாபம் பார்த்ததே இல்லை என்றார். பிறகு எதில் லாபம்? அந்தப் பெட்டியில் விற்கும் ஒவ்வொரு கேமிலும், ஒவ்வொரு சந்தாவிலும். கடையில் நூறு வெள்ளிக்கு ஒரு கேம் விற்றால் ஏறக்குறைய முப்பது வெள்ளி பெட்டிக்காரருக்குப் போவது வழக்கம். தூண்டிலை மலிவாகக் கொடுத்து மீனுக்கு விலை வைக்கும் வியாபாரம். உங்கள் பிள்ளை கட்சி மாறாமல் இருக்கும்வரை அந்த வருமானம் ஓயாது.

இலவசம் என்று சொல்லி வரும் கேம்களிலும் எச்சரிக்கை வேண்டும். அவற்றில் உடுப்பு, ஆயுதம், ஆட்டம் என்று குட்டிக் குட்டியாகக் காசு பிடுங்குவார்கள். விளையாடுபவர்களைத் தெரியாமல் வாங்கவைத்தது என்ற புகாரில், ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் நிறுவனம் 24 கோடியே 50 லட்சம் டாலர் கொடுக்க 2022 டிசம்பரில் அமெரிக்க அரசு ஆணையத்திடம் ஒப்புக்கொண்டது.

முதலாளிகள் கைகுலுக்கிவிட்டார்கள்

பையன்கள் இன்னும் கட்சி கட்டிக்கொண்டிருக்க, முதலாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? பெட்டியை நிறுத்திய சேகாவின் சானிக், அதே 2001இல் பழைய எதிரி நிண்டெண்டோவின் பெட்டியிலேயே ஓடத் தொடங்கியது. 2007இல் மரியோவும் சானிக்கும் ஒரே ஒலிம்பிக் விளையாட்டுக் கேமில் சேர்ந்து வந்தார்கள். எக்ஸ்பாக்ஸின் பெருமையாக இருந்த 'சீ ஆஃப் தீவ்ஸ்' 2024இல் பிளேஸ்டேஷனுக்கும் வந்தது. 2025இல் 'ஃபோர்சா ஹொரைசன் 5' கார்ப் பந்தயமும் வந்துவிட்டது. சோனியும் தன் கேம்களைக் கணினியில் விற்கிறது. லாபம் எங்கே இருக்கிறதோ அங்கே கட்சி கரைந்துவிடுகிறது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020இல் 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' என்ற கேம் வெளிவந்தது. மெட்ரோனோமிக் என்ற மலேசிய நிறுவனத்தின் படைப்பு. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வான் ஹஸ்மர், ஜப்பானில் புகழ்பெற்ற 'ஃபைனல் ஃபேண்டசி' கேமில் வேலை செய்தவர். நம் நாட்டில் பிறந்த அந்தக் கேம் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நிண்டெண்டோ மூன்றிலுமே வந்தது. வரையத் தெரிந்த பிள்ளை, இசை தெரிந்த பிள்ளை, கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை எல்லாருக்கும் அந்தத் தொழிலில் வேலை உண்டு. "எந்தப் பெட்டி பெரியது?" என்று வாதாடும் பையனிடம், "இதை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா?" என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

வாங்குமுன் யோசியுங்கள்

பெட்டியே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. செம்பனைத் தோட்டத்தில் வெயிலில் குலை தள்ளுபவருக்கு ஒரு பெட்டியின் விலை என்பது ஒரு மாத உழைப்புக்கு மேல். ஆகவே கடைக்குப் போகுமுன் சில கேள்விகள்.

பையன் யாரோடு ஆடப்போகிறான்? அவர்களிடம் எந்தப் பெட்டி இருக்கிறது? விளம்பரத்தைவிட இதுவே முக்கியம். அவன் ஆட விரும்பும் கேம் எல்லாப் பெட்டியிலும் வருகிறதா என்றும் விசாரியுங்கள்.

பெட்டியில் தட்டுப் போடும் இடம் இருக்கிறதா? அது இல்லாத பெட்டி கொஞ்சம் மலிவு. ஆனால் அதில் பழைய தட்டு வாங்கி ஆட முடியாது, ஆடி முடித்ததை விற்கவும் முடியாது. புதிய கேம் ஒன்றே 200 வெள்ளியைத் தாண்டும்போது இது சின்ன விஷயமல்ல. அண்ணனின் பழைய தட்டுகள் புதிய பெட்டியில் ஓடுமா என்பதையும் கேளுங்கள். பிளேஸ்டேஷன் 4 கேம்களில் மிகப் பெரும்பாலானவை பிளேஸ்டேஷன் 5இல் ஓடும்.

மூன்றாவது, வங்கி அட்டையின் எண்ணைப் பெட்டியில் பதிந்து வைக்காதீர்கள். மூன்று பெட்டிகளிலும் பெற்றோர் பூட்டு உண்டு. எவ்வளவு நேரம் ஆடலாம், எவ்வளவு செலவழிக்கலாம் என்று நீங்களே கட்டுப்படுத்தலாம். அதைப் போடத் தெரியாவிட்டால் மகளையோ மருமகனையோ கேட்பதில் வெட்கமில்லை.

கடைசியாகத் தவணை. "மாதம் கொஞ்சம்தானே" என்று கையெழுத்துப் போடுமுன் மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று கூட்டிப் பாருங்கள். வட்டிக்குக் கடன் வாங்கிப் பெட்டி வாங்குவது வேண்டவே வேண்டாம். தீபாவளிக் காசிலும் போனசிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பையனையும் அந்தக் கணக்கில் உட்காரவையுங்கள். தானும் ஐந்து பத்து சேர்த்து வாங்கிய பொருளை அவன் பத்திரமாக வைத்துக்கொள்வான். அடுத்த பெட்டி வந்ததும் அதுதான் வேண்டும் என்று துள்ளுமுன் ஒருமுறை யோசிக்கவும் செய்வான்.

பெட்டி வந்தபிறகு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஒருநாள் சாயங்காலம் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆடுங்கள். தோற்றால் தோற்றுவிட்டுப் போங்கள்!