கனத்த குண்டுக்கு மெதுவான மருந்து ஏன்?

அமெரிக்காவில் 1906-இல் வந்த .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு தோட்டாவை வேட்டைக்காரர்கள் பலர் இன்றும் வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறார்கள். மானுக்கு 150 கிரெயின் (சுமார் 9.7 கிராம்) குண்டே தாராளம், பெரிய கரடிக்கு 220 கிரெயின்வரை போவார்கள். கனத்தைத் தள்ள வேகமாக எரியும் வெடிமருந்துதானே வேண்டும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. கனத்த குண்டு குழலுக்குள் தாமதித்தே நகரும். பின்னால் இடம் விரிவதற்குள் வாயு குவிந்தால் அழுத்தம் எகிறும், அழுத்தம் எகிறினால் மருந்து இன்னும் வேகமாக எரியும். இந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை வைத்திருக்கும் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. மெதுவான மருந்தின் துகள்கள் பெரும்பாலும் கருஞ்சாம்பல் நிறக் குட்டிக் குச்சிகள். மேலே தடவிய பூச்சு தொடக்க எரிதலை அடக்குவதால், குண்டு ஓட ஓட வாயு பின்தொடர்ந்து தள்ளுகிறது.

வேக மருந்தையே குறைத்துப் போட்டால் என்ன? அழுத்தம் அடங்கும், ஆனால் குண்டின் வேகமும் படுத்துவிடும். மருந்து அளவுக்கு மீறி மெதுவானதாக இருந்தால் குண்டு குழலை விட்டுப் போன பிறகும் அது எரிந்து, குழல் வாயில் தீயாக வீணாகும். குட்டைக் குழலில் இது கூடுதல். கனமே தேவையா என்பது நியாயமான கேள்வி. சிதறாத செம்புக் குண்டுகள் வந்தபின் மான் வேட்டைக்கு அவசியமில்லை என்றே சொல்வேன்.